ஆந்தையின் நான்காம் கட்டம்

1. மேசைமேல் ஒரு படம்

அதிகாரி கடைக்குள் வந்தபோது நான் கேம் கொன்ட்ரோலர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருக்க வேண்டும். என் மேசையில் எட்டு இருந்தன. ஒன்பதாவது ரிஃப்கானின் கையில் இருந்தது. அதை அவன் மெதுவாகத் தரையில் வைத்தான். அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருடங்களில் திருகோணமலையில் ஒரு சீருடை வாசலை மறைத்தால் எழும்பி நிற்க எல்லோருக்கும் தெரியும்.

அவரோடு வந்த இரண்டு பேர் துவக்குகளுடன் வாசலிலேயே நின்றார்கள். அதிகாரி நாலாக மடித்த தாளொன்றை எடுத்து, விரித்து, என் முன்னால் வைத்தார்.

“இது எந்த இடம்?” என்று தமிழில் கேட்டார்.

தாளில் ஒரு துறைமுகம் இருந்தது. இரண்டு இறங்குதுறைகள், ஒரு பாரந்தூக்கி, கொள்கலன் அடுக்குகள், இரண்டு காவல் கோபுரங்கள். காவலர் நிற்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அந்தக் காவலர் எந்தப் பக்கம் நடப்பார் என்று ஓர் அம்புக்குறி. யார் கண்ணிலும் படாமல் தண்ணீரிலிருந்து ஏறிக் கட்டடம்வரை போகும் வழி பச்சைக் கோட்டில் இருந்தது.

எங்கள் கடையிலிருந்து துறைமுக வேலி கூப்பிடு தூரம்.

படத்தை யார் வரைந்தது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது உலகத்தில் உள்ள எந்தத் துறைமுகமும் அல்ல என்பதும் தெரிந்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை.

2. ஊமைக் கடை

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கடை நடந்த விதத்தைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கராக இருந்தவன். சண்டை கூடிக் கப்பல் குறைந்ததும் என் வேலை போனது. அந்த நேரம் கிண்ணியாக்காரரான நசீர் முதலாளி நகரத்தில் கேம் கடை ஒன்று திறந்தார். நாலு கேம் பெட்டி, நாலு ரீவி, ஒன்பது கொன்ட்ரோலர். மணிக்கணக்கில் வாடகைக்கு உட்கார்ந்து விளையாடலாம். அவருக்கு அரிசிக் கடையும் இருந்தபடியால் இதைப் பார்க்க எண்ணிக்கை பிசகாத ஓர் ஆள் தேவைப்பட்டது. “கிளாக்கர், கப்பலையே எண்ணின ஆள் நீங்க. இந்தப் பொடியனுகளை எண்ண ஏலாதா?” என்று கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாளே எனக்குச் சத்தத்தைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. கேம்களில் பாதி சுடுகிற கேம்கள். ரீவியிலிருந்து வெடிச் சத்தம் வீதிக்குக் கேட்டால் வீதியில் நிற்பவர்கள் அதை ரீவி என்றா நினைப்பார்கள்? முதலாளியிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது. அன்றிலிருந்து நாலு ரீவிக்கும் சத்தம் பூச்சியம். பந்தடிக்கிற கேமுக்கும் அதே சட்டம்தான், ஏனென்றால் விதிவிலக்கு வைத்தால் ஒருநாள் யாராவது மறந்துபோவார்கள். ஊரில் எங்களை ஊமைக் கடை என்றார்கள். பொடியன்கள் உதட்டுக்குள்ளேயே டுப், டுப் என்று சொல்லிக்கொண்டு சுட்டார்கள்.

இரண்டாவது வழக்கம், உறையைக் கழற்றுவது. கேம் பதிந்த டிஸ்க் தட்டுகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தன. உறைகளில் துவக்கோடு ஆட்கள் நிற்கும் படங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொரு உறைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி உறைகளைக் கொழும்பிலேயே எறிந்துவிட்டு வெறும் தட்டுகளைக் கொண்டுவரத் தொடங்கினார். எது எதுவென்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சின்னப் பிராணி வரையப்பட்டது. பந்து கேம் சேவல். கார் கேம் முயல். இருட்டில் பதுங்கி எதிரியின் இடத்துக்குள் நுழைகிற கேம் ஆந்தை. கேம்களின் சொந்தப் பெயர்கள் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவற்றை வரைந்தவன் சுதன். பெயர்ப்பலகை எழுதுகிறவன், இருபத்திரண்டு வயது. கட்டைபறிச்சான் பிள்ளை. குடாவின் அந்தப் பக்கத்தில் சண்டைக்குள் இருக்க ஏலாமல் தாயோடு நகரத்துக்கு வந்து ஓர் அறையில் இருந்தான். அடையாள அட்டையில் இன்னும் ஊர் விலாசம்தான். இயக்கம் இருந்த பக்கம் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் மற்றவர்களைவிட அவனுக்கு இரண்டு கேள்வி அதிகம்.

மூன்றாவது வழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று யோசிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. கரண்டும் சொல்லாமல் போகும். ஆகவே பொடியன்கள் ஒரு கட்டத்தைக் கடையில் பார்த்து வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்து தாளில் கீறுவார்கள். யார் எங்கே நிற்கிறான், எப்போது திரும்புகிறான், எந்த வழியால் போகலாம் என்று. மறுநாள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்களின் படங்கள் கோழி கிளறியது போல இருக்கும். சுதனின் படம் நில அளவையாளர் கீறியது போல இருக்கும்.

3. பழசும் புதுசும்

அதிகாரி வந்ததற்கு முதல் நாள் பின்னேரம் கடையில் பெரிய வாதம் நடந்தது.

ரிஃப்கான் தன் வாப்பாவின் வலைக்கடையில் நிற்கிறவன். சேவலில் அவனை வெல்ல ஆளில்லை. சுதனுக்கும் அவனுக்கும் எந்த விசயத்திலும் ஒத்துப்போகாது. ஒருவன் வராத நாளில் மற்றவன் பத்துத் தரம் வாசலைப் பார்ப்பான். எங்கள் கடையில் இருந்தவை இரண்டாம் தலைமுறைப் பெட்டிகள். வெளிநாட்டில் மூன்றாவது வந்துவிட்டது என்ற செய்தியோடு ரிஃப்கான் உள்ளே வந்தான்.

“மூண்டாம் பெட்டி வந்திட்டுதாம் மச்சான். வயர் இல்ல, கார்ட் இல்ல. எல்லாம் பெட்டிக்குள்ளயே தானாச் சேவ் ஆகும். உன்ட ஆந்தையைத் தூக்கிக் கடல்ல போடு.”

சுதன் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. “வயர் இல்லாத சாமானைக் கையில வைச்சுக்கொண்டு சாவடிச் சென்றியில என்னெண்டு சொல்லுவாய்? பந்தடிக்கிறதுக்கெண்டோ?”

“ஓம். கோல் அடிச்சுக் காட்டுவன்.”

“அங்க நிக்கிறவங்கள் எல்லாரும் கீப்பர்மார். உன்னைத்தான் பிடிப்பாங்கள்.”

ரிஃப்கான் விடவில்லை. “நீ பாரன், இன்னும் பத்து வரிசத்துல தட்டே இருக்காது. லண்டன்ல இரிக்கிறவனோட இஞ்ச இருந்து விளையாடலாம்.”

“இஞ்சயிருந்து மூதூருக்குக் கதைக்கவே லைன் இல்லை. நீ லண்டனுக்குப் பந்து அடிக்கப் போறாய்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “கிளாக்கர், புதுப் பெட்டி ஒண்டு எடுப்பமா? என்ன சொல்றீங்க?”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எங்கள் கரண்ட் ஏறி இறங்குகிற விதத்துக்கு அது தாங்குமா? பஸ்ஸில் கொண்டுவரும்போது எத்தனை இடத்தில் பிரித்துப் பார்ப்பார்கள்? கடைசியாக, “வயர் இல்லாட்டி பொக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நான் எதை எண்ணுறது?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சுதனுக்கு அன்று ஆந்தையின் நான்காம் கட்டம். ஒரு துறைமுகம், ஒன்பது காவலர். பல நாளாக அதே இடத்தில் பிடிபட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டை எந்த இடத்தில் விட்டோம் என்பதைச் சேமிக்கும் மெமரி கார்ட் கடைக்கென்று ஒன்று இருந்தது. அதில் இடம் குறைவு, யாராவது மேலே எழுதிவிடுவார்கள். அதனால் சுதன் சொந்தக் கார்ட் வைத்திருந்தான். தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புத் துண்டு. அதைக் கழற்றி, புதிதாகக் கீறியிருந்த படத்தோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டான்.

“நாளைக்கு முடிப்பன், கிளாக்கர் ஐயா.”

மறுநாள் காலை சாவடியில் அவனுடைய சட்டைப் பையைக் காட்டச் சொன்னார்கள். படத்தோடு அவனையும் பிடித்து வைத்தார்கள்; அது எங்கள் கடைக் கேம் என்று அவன் சொன்னதைச் சோதிக்கத்தான் அதிகாரி வந்தார்.

4. ஏழு பேர்

என் வாய் வராதபோது முதலில் பேசியவன் ரிஃப்கான். “சேர், அது ஆந்தை” என்றான்.

அதிகாரி அவனைப் பார்த்த பார்வையில் நான் முதலாளிக்கு ஆள் அனுப்பினேன். நசீர் முதலாளி அரிசித் தூள் கையோடு ஓடிவந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். மாத்தயா, அதாவது ஐயா, என்று ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு தரம் சொல்லி, கேம், கட்டம், தாள், எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு சொல்தான் சொன்னார்.

“காட்டு.”

சுதனின் கார்ட் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நேரே நாலாம் கட்டத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். அந்தக் கறுப்புச் சாமான் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி அது வராது என்றார் அதிகாரி. கடைக் கார்டில் ஆந்தை இல்லை. முதலாம் கட்டத்திலிருந்து விளையாடித்தான் போக வேண்டும். கடையில் நின்றவர்களில் கொஞ்சமாவது விளையாட முடிந்தவன் ரிஃப்கான். அவனும் ஆந்தையைத் தொட்டுப் பல மாதம்.

அதிகாரி ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். ரிஃப்கானின் பிடரியில் வியர்வை இறங்கியது. இரண்டாம் கட்டத்தில் இரண்டு தரம் செத்தான். ஒவ்வொரு தரமும் திரை சிவந்தபோது அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மின்குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை மங்கித் திரும்பவும் எரிந்தது.

“சத்தம் எங்க?” என்று அதிகாரி ரீவியின் பொத்தானுக்குக் கை நீட்டினார்.

“வேண்டாம் சேர்,” என்றேன். அன்று அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். “வெளியில உங்கட ஆக்கள் துவக்கோட நிக்கினம். உள்ளுக்க வெடிச் சத்தம் கேட்டால்...”

அவர் வாசலைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

மூன்றாம் கட்டம் முடிந்தது. திரை கறுத்து, பிறகு கடல் வந்தது. இரண்டு இறங்குதுறைகள். பாரந்தூக்கி. நான் வேலை செய்த எந்தத் துறையிலும் கொள்கலன்களை அப்படி அடுக்கமாட்டார்கள். ஆனால் தாளில் இருந்தபடியே இருந்தன. அதிகாரி தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். முதலாளி பெருமூச்சு விட்டார். சுவரோடு நின்றவர்களில் ஒருவன் சிரிக்கக்கூடத் தொடங்கினான்.

நான் சிரிக்கவில்லை. ரிஃப்கான் கட்டத்துக்குள் நுழைந்தவுடனேயே நான் காவலர்களை எண்ணிவிட்டேன். அதிகாரி எண்ணக்கூடாது என்று மனதுக்குள் கோணேசரைக் கும்பிட்டேன்.

அவர் எண்ணினார். விரலைத் திரையில் வைத்து, ரிஃப்கானை மெல்ல மெல்லச் சுற்றிக் காட்டச் சொல்லி, ஒவ்வொருவராக எண்ணினார்.

“இதில ஏழு பேர். கடுதாசியில ஒன்பது. மற்ற ரெண்டு பேர் எங்க நிக்கிற ஆள்கள்?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது. விளையாட்டில் இல்லாத இரண்டு காவலரை சுதன் வேறு எங்கோ பார்த்துத்தான் கீறியிருக்க வேண்டும். வேறு எங்கு? வேலிக்கு அந்தப் பக்கம்.

“சேர்,” என்றான் ரிஃப்கான். கொன்ட்ரோலரை மடியில் வைத்தான். “இதுல ரெண்டு மாதிரி இரிக்கி. நோர்மல், ஹார்ட். சுகமாப் போகலாமெண்டு நான் நோர்மல்ல போட்டன். அவன் ஹார்ட்ல விளையாடுறவன். ஹார்ட்ல ஆக்கள் கூட.”

முதலாளி அதைச் சிங்களத்தில் சொன்னார்.

“அப்ப ஹார்ட்ல போடு.”

“எனக்கு ஏலாது சேர். நான் பந்துக்காரன். ஹார்ட்ல முதலாம் கட்டமே தாண்டமாட்டன். இந்த ஊர்ல அவன் ஒருத்தனுக்குத்தான் ஏலும்.”

அதிகாரி தாளைப் பழைய மடிப்பின்படியே மடித்தார். எழும்பினார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

மகனைத் தேடி வந்த சுதனின் தாய், வாகனம் நின்ற நேரமெல்லாம் எதிர்க்கடை நிழலில் நின்றிருந்தார். வாகனம் போனதும் வீதியைக் கடந்து வந்தார். “ஐயா, என்னவாம்?” என்று கேட்டார்.

“நாளைக்கு வருவினம் அம்மா” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

5. ஒன்பது பேர்

மறுநாள் மதியத்துக்குப் பிறகு வந்தார்கள். சுதனையும் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் வந்தால் கரண்டை நம்ப ஏலாது என்று முதலாளி அரிசிக் கடை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பின் வாசலில் வைத்திருந்தார். ஒன்பது கொன்ட்ரோலரில் இரண்டுக்குப் பொத்தான் ஒட்டும். சுதனுக்குப் பழக்கமான நாலாம் நம்பரை நான் துடைத்துத் தனியே வைத்திருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தாயை உள்ளே விடவில்லை. அவர் வாசலுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்தார்.

சுதனின் கண்களில் நித்திரை இல்லை. அதிகாரி கதிரையைக் காட்டினார். “விளையாடு.”

“ஹார்ட்ல போடு மச்சான்,” என்று ரிஃப்கான் மெல்லச் சொன்னான்.

முதலாம் கட்டத்தில் சுதன் பிடிபட்டான். மறுபடியும் பிடிபட்டான். சின்னப் பிள்ளைகளே தாண்டுகிற இடம் அது. அவன் பெருவிரல்கள் பொத்தானில் நிற்காமல் துள்ளின. அதிகாரி காலை மாற்றிப் போட்டார். ரிஃப்கான் யாரையும் கேட்காமல் போய் அவனுக்குப் பக்கத்தில் குந்தினான்.

“என்ன மச்சான், உன்ட ஆந்தைக்கு இண்டைக்குக் கண் தெரியலயா? வழக்கமாப் பகல்லதானே அதுக்குக் கண் தெரியாது.”

“இப்பவும் பகல்தான்டா” என்றான் சுதன். அவன் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அதற்குப் பிறகு விரல்கள் துள்ளாமல் நின்றன.

இரண்டு. மூன்று. கடல் வந்தது.

அதிகாரி தாளை விரித்தார். இந்த முறை அவர் எண்ணும்போது நானும் கூடவே எண்ணினேன். நேற்றைய ஏழு பேரும் நேற்றைய இடத்திலேயே நின்றார்கள். எட்டாவது ஆள் பாரந்தூக்கியின் மேலே. ஒன்பதாவது ஆள் இறங்குதுறையில் கட்டியிருந்த படகுக்குள். அதிகாரி ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலும் நகத்தால் ஒரு கீறல் போட்டார். ஒன்பது கீறல்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் நகம் பச்சைக் கோட்டில் போய் நின்றது.

“இந்த வழி?”

“அது... உள்ளுக்குப் போற வழி சேர். நான் இன்னும் முடிச்சதில்லை.”

“போய்க் காட்டு.”

பொய்ப் படமென்றால் தோற்பான், படம் எதற்குக் கீறினாய் என்று கேட்பார்கள். உண்மையில் போய்விட்டால் அது அதைவிட மோசம். துறைமுகமொன்றில் ஒன்பது காவலருக்கு நடுவே தண்ணீரிலிருந்து கட்டடம்வரை போகத் தெரிந்த கட்டைபறிச்சான் பெடியன் ஒருவனை அவர் வீட்டுக்கு அனுப்புவாரா?

சுதன் போனான். முதலாவது காவலர் திரும்பும்வரை நின்றான். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதாகப் படகுக்காரன். கையில் தாள் இல்லை, ஆனால் பச்சைக் கோடு விலகவில்லை. அதிகாரி முன்னால் சாய்ந்தார். ஐந்தாவது. ஆறாவது. கட்டடத்தின் கதவு தெரிந்தது. வாசலில் நின்ற இருவரும்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஏழாவது காவலர் வழியை மறித்து நின்றார். அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். பல நாள் பார்த்திருக்கிறேன். சுதன் காத்திருக்கவில்லை. எழும்பி நேரே நடந்துபோய் அவர் மேல் மோதினான். திரை சிவந்தது.

பிறகு அதிகாரி சிரித்தார். வாய்விட்டே சிரித்தார்.

“மாட்டினாய்” என்றார்.

“ஓம் சேர். எப்பவும் அதில மாட்டுவன்.”

“ஆக்கள் நல்லாத்தான் காவல் நிக்கிறாங்கள்.”

“ஓம் சேர்.”

அவர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனிமேல் ஒருவனும் ஒன்றும் கீறக்கூடாது என்று முதலாளியிடம் சிங்களத்தில் சொன்னார். சுதனைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாகனத்தில் ஏறினார்.

வாகனத்தின் ஓசை முனை திரும்பும்வரை நாங்கள் அசையவில்லை. தாய் உள்ளே வந்து மகனின் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தார். முதலாளி வாசல் கதவைப் பாதி சாத்தினார்.

“டேய்,” என்றான் ரிஃப்கான், “நீ வேணுமெண்டுதானே விழுந்தனி?”

நாலாம் நம்பர் இன்னும் சுதன் கையில்தான் இருந்தது. “அம்மா, கொஞ்சம் பொறுங்கோ” என்றான். மறுபடியும் கடல் வந்தது. தாய் அதிகாரி இருந்த கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஏழாவது காவலர் திரும்பும்வரை சுதன் காத்திருந்தான். எட்டாவது. ஒன்பதாவது. கதவு திறந்தது. நாங்கள் ஒருவரும் கைதட்டவில்லை. ஊமைக் கடை.

“முடிஞ்சுதா தம்பி?” என்று தாய் கேட்டார்.

“முடிஞ்சுது அம்மா.”

அவன் எழும்பமுன் நான் கடைக் கார்டை எடுத்துச் செருகினேன். “சேவ் பண்ணிப்போட்டுப் போ” என்றேன்.

6. பிறகு

அடுத்த வருடம் மூன்றாம் பெட்டி எங்கள் கடைக்கும் வந்தது. ரிஃப்கான் சொன்னபடியே வயர் இல்லை, கார்ட் இல்லை. எல்லாவற்றையும் அது தனக்குள்ளேயே சேமித்தது. நான் ஒவ்வொரு கொன்ட்ரோலரையும் ஒவ்வொரு கயிற்றால் மேசைக்காலில் கட்டினேன். அதைப் பார்த்துச் சிரிக்க சுதன் இருக்கவில்லை. தாய் அவனைக் கொழும்புக்கு அனுப்பினார், அங்கிருந்து அவன் கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே கட்டடங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறான் என்று கேள்வி.

இன்றைக்கு இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் நான் ஒன்றைத்தான் சொல்கிறேன். பெட்டி எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும், அது தானாகச் சேமிக்கும் என்று கொம்பனி எவ்வளவு சொன்னாலும், விளையாட வருகிறவனை இரண்டு இடத்தில் சேவ் பண்ண வையுங்கள். ஒன்று அவனுடைய பையில் இருக்கட்டும். அந்தப் பையை யாராவது கேட்கும் நாளில் அவனுக்காகக் கதைக்க, மற்றது உங்கள் கடையில் இருக்கட்டும்.